சிறுநீரகச் செயலிழப்பும் சிகிச்சைக்கான வரிசையும்

சிறுநீரகங்கள் இரண்டும் முற்றிலும் செயலிழந்த ஒருவர் அதன் பிறகும் பத்து, இருபது ஆண்டுகள் உயிர்வாழக்கூடும் என்பது 1960க்கு முந்தைய மருத்துவ நூல் எதிலும் இடம்பெற்றிருக்க முடியாத செய்தி. அந்த ஆண்டுக்குப் பின் அது இயலும் என்றாயிற்று. ஆனால் இயலும் என்பதும் எல்லோருக்கும் கிட்டும் என்பதும் வெவ்வேறு என்பது அடுத்த இரண்டே ஆண்டுகளில் வெளிப்பட்டது. இச்சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதைக் கருவிகளின் வரலாறாகவே எழுதுகின்றனர். கருவி சார்ந்த சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்திருக்க, யாருக்கு முதலில், யார் செலவில் என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வடிவில் திரும்பத் திரும்ப எழுந்துள்ளதால், அதை வரிசைகளின் வரலாறாக எழுதுவதே பொருத்தமாக இருக்கும்.

மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், உள்ளன. இவை நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, உடலுக்குத் தேவையானவற்றை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. தமிழக மருத்துவமனைகளில் நோயாளிகள் பொதுவாக ‘உப்பு’ என்று குறிப்பிடும் யூரியா, கிரியாட்டினின் ஆகிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குவது செயலிழப்பின் அடையாளம். ஆனால் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் உடலில் மிகும் நீரும், இதயத் துடிப்பைக் குலைக்கும் பொட்டாசியமுமே ஆகும். விபத்து, பெரும் இரத்தப்போக்கு, பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் திடீரென நேரும் செயலிழப்பில் சிறுநீரகம் சில வாரங்களில் மீண்டுவிடும் வாய்ப்பு உண்டு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக நேரும் நாள்பட்ட செயலிழப்பில் அவ்வாறு மீள்வது இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்வரும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையானது.

உடல் வீக்கம், கரண்டியில் ஊற்றிச் சுட வைத்தால் திரியும் சிறுநீர், இறந்தபின் அறுத்துப் பார்க்கையில் சிதைந்து காணப்படும் சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் கூறுகள் என்பதை இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1827இல் எடுத்துக்காட்டினார். சிறுநீர் திரிவதற்குக் காரணம், இரத்தத்தில் தங்கியிருக்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் பழுதுபட்ட வடிகட்டியின் வழியே கசிவதாகும். நோயை அறிந்துகொள்ள முடிந்ததே தவிர, அதற்குச் செய்யக்கூடியது எதுவும் அடுத்த நூறாண்டுகளுக்கு மருத்துவரின் கையில் இருக்கவில்லை. செய்யக்கூடியதற்கான விதை மருத்துவத்துக்கு வெளியே, வேதியியலில் விழுந்தது. சில சவ்வுகள் உப்பு, யூரியா போன்ற சிறு மூலக்கூறுகளைக் கசியவிட்டு, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைத் தடுத்து நிறுத்துகின்றன என்று கண்ட ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், 1861இல் இம்முறைக்கு டயாலிசிஸ் என்று பெயரிட்டார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஏபெல் குழுவினர் 1913இல் விலங்குகளின் இரத்தத்தைக் கொலோடியன் குழாய்களின் வழியே ஓடவிட்டு மீண்டும் உடலுக்குள் செலுத்திக் காட்டினர். இரத்தம் உறைந்துவிடாமலிருக்க அவர்கள் அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த ஹிருடின் என்னும் பொருளையே நம்ப வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கீசன் நகரில் கியோர்க் ஹாஸ் 1924இல் முதன்முதலாக மனிதரிடம் இதைச் செய்து பார்த்தபோது கழுவுதல் 15 நிமிடமே நீடித்தது. நோயாளியின் நிலையில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. நம்பத்தகுந்த உறையெதிர்ப்பு மருந்தும், மலிவான, கிழியாத சவ்வும் கிடைத்தாலன்றி இம்முயற்சி மேலே செல்ல வழியில்லாதிருந்தது.

இவ்விரண்டும் 1930களின் இறுதியில் ஒன்றாகக் கிடைத்தன. ஹெப்பாரின் என்னும் மருந்து தூய வடிவில் விற்பனைக்கு வந்தது. தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாய் மிகச் சிறந்த சவ்வு என்பது தெரியவந்தது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த வில்லெம் கோல்ஃப், 1938இல் ஓர் இளைஞர் சிறுநீரகச் செயலிழப்பால் இறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த பின், நாள்தோறும் 20 கிராம் அளவுக்கு யூரியாவை அகற்றியிருந்தால் அவரைக் காத்திருக்கலாமே என்று கணக்கிடத் தொடங்கினார். 1940இல் நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர் கிரோனிங்கனில் நாஜி ஆதரவாளரைத் துறைத்தலைவராக அமர்த்தியதால், கோல்ஃப் அங்கிருந்து விலகி, காம்பன் என்னும் சிற்றூரின் மருத்துவமனைக்குச் சென்றார். அந்த ஊரில் எனாமல் பூச்சுப் பாத்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் ஹென்ட்ரிக் பெர்க்கின் உதவியுடன், கிடைநிலையில் சுழலும் உருளை ஒன்றின்மேல் சுமார் 20 மீட்டர் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, உருளையின் கீழ்ப்பாதி உப்புக்கரைசல் தொட்டியில் மூழ்கியிருக்குமாறு அமைத்த கருவி உருவாயிற்று. உருளை சுழலச் சுழலக் குழாயினுள் இரத்தம் தானே முன்னேறிச் செல்லும். சுழலும் பகுதியையும் அசையாத பகுதியையும் கசிவின்றி இணைக்க, ஃபோர்டு மோட்டார் வண்டியின் நீரேற்றியிலிருந்த இணைப்பு முறை கையாளப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலத் தட்டுப்பாட்டின் நடுவே இத்தகைய கருவி ஓர் ஊர்த் தொழிற்சாலையில் உருவானது வியப்புக்குரியதுதான். எனினும் இதைத் தனியொருவரின் மேதைமை என்று மட்டும் சொல்லி முடிப்பது பெர்க்குக்கும் அவருடைய தொழிலாளர்களுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

1943 மார்ச்சில் முதல் நோயாளிக்கு இக்கருவி பயன்படுத்தப்பட்டது. 29 வயதான அப்பெண்ணுக்கு ஒவ்வொரு கழுவுதலுக்குப் பின்னும் உடல்நிலை தேறியது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் இரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், பன்னிரண்டாம் முறைக்குப் பின் திறப்பதற்கு இரத்தக்குழாயே எஞ்சவில்லை, அவர் இறந்தார். தொடக்க காலத்தில் இக்கருவியில் இணைக்கப்பட்டோர் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். 1945 செப்டம்பரில், போர் முடிந்தபின், நாஜிகளுடன் ஒத்துழைத்த குற்றத்துக்காகச் சிறைப்பட்டிருந்த 67 வயது மூதாட்டி ஒருவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டு, 11 மணி நேரக் கழுவுதலுக்குப் பின் கண்விழித்தார். மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்து வேறொரு காரணத்தால் இறந்தார். ஊராரில் பலர் வெறுத்த ஒருவரே இச்சிகிச்சையால் பிழைத்த முதல் மனிதரானார். பின்னாளில் தகுதி பார்த்து நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கத் துணிந்தவர்கள் இந்நிகழ்வை நினைவில் வைத்திருக்கவில்லை போலும்.

அம்மூதாட்டிக்கு நேர்ந்தது திடீர்ச் செயலிழப்பு என்பதால், சிறுநீரகம் மீளும் வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கக் கருவியால் முடிந்தது. கொரியப் போரில் காயம்பட்ட அமெரிக்கப் படைவீரர்களிடமும் அதே பயன் உறுதிப்பட்டது. நாள்பட்ட செயலிழப்புக்கோ வாரந்தோறும், வாழ்நாள் முழுவதும், கழுவுதல் வேண்டும். அதற்கு ஈடுகொடுக்க மனித உடலில் அத்தனை இரத்தக்குழாய்கள் இல்லை. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் இதற்கு விடை கண்டார். மணிக்கட்டருகே தமனியில் ஒன்றும் சிரையில் ஒன்றுமாக டெஃப்லான் குழாய்களை நிலையாகப் பொருத்தி, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே ஒரு வளைவால் இணைத்துவிட்டால், இரத்தம் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். டெஃப்லானில் எதுவும் எளிதில் ஒட்டுவதில்லையாதலால் உறைவதும் அரிது. பொறியாளர் வேய்ன் குவின்டன் செய்துகொடுத்த இக்குழாய் பொருத்தப்பட்ட முதல் நோயாளி, போயிங் தொழிற்சாலையில் இயந்திரப் பணியாளராக இருந்தவர், 11 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 1962இல் சியாட்டிலில் திறக்கப்பட்ட செயற்கைச் சிறுநீரக மையம், மருத்துவமனையில் தங்காமல் வந்து செல்லும் நோயாளிகளுக்கென உலகில் அமைந்த முதல் டயாலிசிஸ் மையமாகும். ஆனால் அதிலிருந்த படுக்கைகள் மிகச் சில. ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவோ 10,000 டாலருக்கும் மேல். மருத்துவர்கள் உடல்நிலை பார்த்துச் சலித்தெடுத்த பின்னும் எஞ்சியவர்களில் யாருக்கு இடம் தருவது என்பதை முடிவுசெய்ய, வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் என எழுவர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. பெயர் வெளியிடப்படாத இக்குழுவினர் வயது, திருமணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், கல்வி, தேவாலய ஈடுபாடு, சமூகத்துக்கு ஆற்றிய தொண்டு ஆகியவற்றை எடைபோட்டு ஒருவரை ஏற்றனர், மற்றவரை மறுத்தனர். வாஷிங்டன் மாநிலத்தில் வசிக்காதோரும் சிறுவரும் பரிசீலனைக்கே வரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய நெடுங்கட்டுரையால் இச்செய்தி நாடெங்கும் பரவியது. மருத்துவ அறவியல் என்று இன்று அழைக்கப்படும் துறையின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றாக அக்கட்டுரையைக் கருதுவோர் உளர். உளமருத்துவர் டேவிட் சாண்டர்சும் சட்டப் பேராசிரியர் ஜெசி டூக்மினியரும் 1968இல் எழுதிய திறனாய்வு, குழுவினர் தங்களைப் போன்ற நடுத்தர வர்க்கத்தாரையே தகுதியுடையோராகக் கண்டனர் என்று சுட்டிக்காட்டியது. குழுவினரைக் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. சீட்டுக்குலுக்கலைவிட மனச்சான்றோடு ஆராய்வதே மேல் என்று எண்ணியவர்கள் அவர்கள். சீட்டுக்குலுக்கலில் இருந்திருக்கக்கூடிய நடுநிலை அவர்களுடைய மனச்சான்றில் இல்லாமற்போனதே குறை.

இக்குழுவின் மறுப்பிலிருந்தே ஒரு முன்னேற்றமும் பிறந்தது. வயது குறைவென்று 1964இல் மறுக்கப்பட்ட ஒரு பள்ளி மாணவிக்காக, ஸ்கிரிப்னரும் பொறியாளர் லெஸ் பாபும் சில மாதங்களில் வீட்டிலேயே இயக்கக்கூடிய கருவியை உருவாக்கினர். செறிந்த கரைசலையும் நீரையும் உரிய அளவில் தானே கலந்துகொள்ளும் அதன் அமைப்பு இன்றைய டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு முன்னோடியாகும். 1966இல் நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் சிமினோ, பிரெஷியா, அப்பெல் ஆகியோர் கையிலுள்ள தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே இணைத்தனர். தமனியின் அழுத்தத்தால் தடித்துவிடும் சிரையில் மீண்டும் மீண்டும் ஊசி குத்தலாம். ‘ஃபிஸ்டுலா’ என்று நோயாளிகள் அனைவரும் அறிந்த இந்த இணைப்பு, தொற்றுக்கும் அடைப்புக்கும் இடமளித்த டெஃப்லான் குழாயை விரைவில் ஓரங்கட்டியது. சியாட்டிலின் எழுவர் குழுவுக்கோ அறிவியல் அல்ல, சட்டமே முடிவு கட்டியது. 1971 நவம்பரில் ஒரு நோயாளி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் டயாலிசிஸ் செய்துகாட்டினார். 1972 அக்டோபர் 30 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், வயது வேறுபாடின்றிச் சிறுநீரகச் செயலிழப்புக்கான செலவை அரசுக் காப்பீட்டின்கீழ் கொண்டுவந்தது. தனியொரு நோய்க்கென அந்நாடு அத்தகைய உறுதியளித்தது அதுவே முதல்முறை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் முறை இதற்கு இணையாக வளர்ந்துவந்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய ஒத்த இரட்டையருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். திசுக்கள் முற்றிலும் ஒத்திருந்ததால் உடல் அதை அயலானென்று எதிர்க்கவில்லை. மற்றவர்களுக்கு 1960களில் வந்த அசதயோபிரின் ஓரளவும், 1980களில் பரவிய சைக்ளோஸ்போரின் பெருமளவும் துணைபுரிந்தன. இரத்த உறவே இல்லாதவரின் சிறுநீரகமும் இனி நிலைக்கும் என்பதே சைக்ளோஸ்போரினின் பொருள். அதன் விளைவுகளில் ஒன்றை அம்மருந்தைக் கண்டறிந்தோர் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அது சென்னையில் நிகழ்ந்தது.

இந்தியாவில் 1965இல் மும்பையில் நடந்த மாற்று அறுவை முயற்சி நிலைக்கவில்லை. 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவர் மோகன் ராவும் சிறுநீரக மருத்துவர் கே. வி. ஜானியும் உயிருடன் உள்ள கொடையாளரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தைப் பொருத்தியதே நாட்டின் முதல் வெற்றியாயிற்று. அமெரிக்காவின் 1972 சட்டத்துக்கு இணையான எதுவும் இங்கு இல்லாத நிலையில், வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்ற டயாலிசிஸ் செலவை நகை, நிலம், கடன் என்ற ஒழுங்கில் குடும்பங்கள் தாங்கின. தாங்க முடியாதபோது வாரம் மூன்று இரண்டாகவும், இரண்டு ஒன்றாகவும் குறைந்து, பின் நின்றுபோயிற்று. ஆகவே இங்கு டயாலிசிஸ் வாழ்நாள் சிகிச்சையாக அல்லாமல், மாற்று அறுவைக்கு முன் சற்று அமர்ந்திருக்கும் திண்ணையாகவே நெடுங்காலம் இருந்தது. குடும்பத்துக்குள் யார் கொடுப்பது என்பதிலும் ஒரு வழமை உருவாயிற்று: கொடுத்தோர் பெரும்பாலும் தாயரும் மனைவியரும், பெற்றுக்கொண்டோர் பெரும்பாலும் ஆடவர். சம்பாதிப்பவரைக் காக்க வேண்டும் என்ற நியாயம் சியாட்டில் குழுவின் நியாயத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை.

குடும்பத்துக்குள் கொடுப்பார் இல்லாதபோது, பணமுள்ளவர்கள் வெளியே வாங்கினர். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் சென்னை, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களுக்கு வளைகுடா நாடுகள் உட்படப் பல இடங்களிலிருந்து நோயாளிகள் வந்தனர். சென்னையின் வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றோர் மிகுந்ததால் அப்பகுதியைக் ‘கிட்னிவாக்கம்’ என்று பத்திரிகைகள் எழுதின. விற்பனை சட்டவிரோதம் அல்லாதிருந்த அக்காலத்தில், வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒருங்கே நன்மை என்று வாதிட்ட மருத்துவர்களும் இருந்தனர். அவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க உதவுவது, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002இல் வெளிவந்த ஆய்வு. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனடைக்கவே விற்றனர். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர், தரகர் வாக்களித்ததைவிடக் குறைவு. விற்றபின் குடும்ப வருமானம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. கடனும் பெரும்பாலோருக்கு அடையவில்லை. உடல்நலம் குன்றியதாக 86 விழுக்காட்டினர் கூறினர். இருதரப்புக்கும் நன்மை என்ற வாதம் இவ்வெண்களுக்கு முன் நிற்கவில்லை.

இவ்வணிகத்தைத் தடுக்க நாடாளுமன்றம் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது; தமிழ்நாடு அடுத்த ஆண்டு அதை ஏற்றது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோரை மட்டும் நெருங்கிய உறவினர் என்று வரையறுத்த அச்சட்டம், பிறரும் அன்பினாலோ பற்றுதலாலோ கொடையளிக்கலாம் என்றும், அதை ஓர் அங்கீகாரக் குழு ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும் என்றும் வாசல் ஒன்றைத் திறந்துவைத்தது. அந்த வாசலின் வழியே தரகர்கள் நுழைந்தனர். முன்பின் அறியாதவர்கள் குழுவின் முன் வந்து நெடுநாள் நட்பைப் பற்றிப் பேசினர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடசென்னையின் எர்ணாவூர் மறுவாழ்வுக் குடியிருப்பில் மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகம் விற்றது 2007இல் வெளிச்சத்துக்கு வந்தது. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளரிடையேயும் அத்தகைய விற்பனை மீண்டும் மீண்டும் செய்தியாகியுள்ளது. கடன் இருக்கும் இடத்தைத் தரகர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்.

அச்சட்டத்தின் நெடுநாள் பயன் வேறிடத்தில் விளைந்தது. மூளைத்தண்டு மீளமுடியாதபடி செயலிழந்து, இதயம் மட்டும் கருவியின் துணையால் துடிக்கும் மூளைச்சாவு நிலையை மரணமாகவே அது ஏற்றிருந்தது. 2008 செப்டம்பரில் சென்னைக்கு அருகே விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயதுச் சிறுவனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்ததும், அச்சிறுவனின் இதயம் போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலைகள் வழியே சில நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டதும் பொதுமக்களின் மனத்தை அசைத்தன. அதே ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய உறுப்பு மாற்றுத் திட்டம், இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஜெ. அமலோற்பவநாதனின் ஒருங்கிணைப்பில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து இயங்கியது. பின்னர் ட்ரான்ஸ்டான் என்னும் தனி ஆணையமாயிற்று. செலவுச் சுமையைப் பொறுத்தவரை, 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடும் அதன் தொடர்ச்சியான முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் டயாலிசிசையும் மாற்று அறுவையையும் உள்ளடக்கின. வயிற்றின் உள்ளுறைச் சவ்வையே வடிகட்டியாகக் கொண்டு, வயிற்றுக்குள் கரைசலை நிரப்பிச் சில மணி நேரத்துக்குப் பின் வடித்தெடுக்கும் முறை 1976இல் அமெரிக்காவில் போப்போவிச், மான்கிரீஃப் ஆகியோரால் இயந்திரமின்றி நாள்முழுதும் செய்யத்தக்கதாக ஆக்கப்பட்டது. அதற்கான கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்ப்பது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று.

வரிசையைச் சுருக்குவதற்கு முயன்றோர் பலராக, அதில் நிற்க வருவோரையே குறைக்க முயன்றோர் சிலரே. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, திருப்பெரும்புதூர்ப் பகுதிக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீடுவீடாக இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் சர்க்கரை, புரதம் உள்ளனவா என்பதையும் பார்க்கச் செய்து, கண்டறியப்பட்டோருக்கு மிக மலிவான பழைய மாத்திரைகளையே கொண்டு சிகிச்சையளித்தார். செலவு சொற்பமாக இருந்தும், அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலோரிடம் கட்டுக்குள் வந்தன. புது மருந்தோ கருவியோ இல்லாத இத்தகைய முயற்சிகள் செய்தியாவதில்லை.

தமிழகத்தின் பங்கீட்டு முறைப்படி, மூளைச்சாவு அடைந்தவரின் இரு சிறுநீரகங்களில் ஒன்று கொடை நிகழ்ந்த மருத்துவமனையிலேயே காத்திருப்பவருக்குச் செல்கிறது. மற்றொன்று பொது வரிசைக்கு வருகிறது. கொடையாளரை அடையாளங்கண்டு பராமரிக்கும் மருத்துவமனைக்கு ஊக்கம் வேண்டும் என்பது முதல் பாதிக்கான காரணம். பதிவு செய்த நாளே முறையை முடிவுசெய்ய வேண்டும் என்பது இரண்டாம் பாதிக்கான நியாயம். பெரிய தனியார் மருத்துவமனையில் பதிந்தவருக்கு இரு வாய்ப்பும், கொடை அரிதாக நிகழும் சிறிய மருத்துவமனையில் பதிந்தவருக்குப் பெரும்பாலும் ஒரே வாய்ப்பும் அமைவது இவ்விதியின் விளைவு. சியாட்டில் குழுவின் அளவுகோல்கள் மூடிய கதவுக்குள் இருந்தன. இவை அரசாணையில் எழுதப்பட்டிருப்பதால், குறையுள்ள இடத்தைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கேட்பதற்கேனும் வழியிருக்கிறது.